கூண்டைத் திறந்தால் போதுமா?

காஞ்சிபுரத்தில் கிளிகளுக்குக் குறைவில்லை. கரும்பு வில்லும் மலர்க்கணையும் ஏந்திய காமாட்சியின் கையருகே ஒரு கிளி. பட்டுச் சேலையின் கரையில் வரிசையாகக் கிளிகள். சேலையின் நிறத்துக்கே ‘கிளிப்பச்சை’ என்று பெயர். ஊருக்கு வெளியே, வாலாஜாபாத்தை அடுத்த தென்னேரி போன்ற ஏரிப்பாசன ஊர்களுக்குச் சென்றால், மொட்டையாக நிற்கும் பட்டுப்போன பனைமரப் பொந்திலும், கதிர் முற்றிய நெல்வயலிலும் உயிருள்ள கிளிகளின் கூச்சலைக் கேட்கலாம். இத்தனைக்கும் நடுவே ஏதோ ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில், கம்பிக் கூண்டுக்குள் இன்னொரு கிளியும் இருக்கும். வெளியே பறக்கும் கூட்டத்தின் குரல் கேட்டதும் அது கம்பியைப் பற்றிக்கொண்டு பதில் குரல் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் கிளி ஒருநாள் மீட்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன செய்வது? “கூண்டைத் திறந்து விட்டுவிடுங்கள், பறந்து போகட்டும்” என்பார் ஒருவர். “அன்பான வேறொரு வீட்டில் கொடுங்கள், அவர்கள் நன்றாக வளர்ப்பார்கள்” என்பார் மற்றொருவர். இரண்டும் நல்ல மனத்தில் பிறந்த யோசனைகள்தாம். ஆனால் இரண்டுமே அந்தக் கிளிக்குக் கேடாக முடியலாம். ஏன் என்று பார்ப்போம்.

எந்தக் கிளி?

முதலில் நம் கையில் இருப்பது எந்தக் கிளி என்று தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் மிகுதியாகக் காணப்படுவது செந்தார்ப் பைங்கிளி. வாலுடன் சேர்த்து ஏறத்தாழ 40 செ.மீ. நீளம். அதில் பாதிக்கு மேல் வால்தான். எடை 100 கிராமிலிருந்து 140 கிராம் வரைதான். வளர்ந்த ஆண் கிளிக்குக் கழுத்தில் கருப்பும் ரோஜா நிறமும் கலந்த ஆரம் உண்டு. பெண்ணுக்கும் இளம் பறவைக்கும் அது இல்லை. இதைவிடப் பெரியதாய், தோளில் சிவப்புத் திட்டுடன் இருப்பது பெரிய பச்சைக்கிளி. செந்தலைக் கிளி, மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலப் பைங்கிளி ஆகியவையும் நம் நாட்டுக் கிளிகளே.

இவற்றைத் தவிர, கடைகளில் விற்கும் வெளிநாட்டுக் கிளிகள் உள்ளன. நாம் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று அழைக்கும் சின்னஞ்சிறு கிளிகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டவை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, தென் அமெரிக்காவின் மக்காவ், கொண்டைக் கிளியான காக்கட்டூ ஆகியவை பெரிய விலைக்கு விற்கப்படுகின்றன. நாட்டுக் கிளிக்கு ஒரு வழி, வெளிநாட்டுக் கிளிக்கு வேறு வழி. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் சொல்வது என்ன?

இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. நாட்டுப் பறவைகளைப் பிடித்து விற்கும் வணிகம் 1990-91 முதல் தடை செய்யப்பட்டது. அதற்கு முன்னர் நம் பைங்கிளிகள் கப்பலிலும் விமானத்திலும் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயின. இன்று இலண்டன் பூங்காக்களில் கீச்சிடும் பச்சைக்கிளிகள், கூண்டிலிருந்து தப்பியோ விடப்பட்டோ பெருகியவற்றின் சந்ததிகளே. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது செந்தார்ப் பைங்கிளி அதன் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. நாட்டுக் கிளியைப் பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். “நான் வாங்கவில்லை, பரிசாக வந்தது” என்பது விலக்கு ஆகாது.

இது ஏட்டில் மட்டும் உள்ள சட்டம் அல்ல. 2023 பிப்ரவரியில் சென்னையில் திரைப்பட நடிகர் ஒருவர் வீட்டில் இரண்டு பெரிய பச்சைக்கிளிகள் இருந்தமைக்காக இரண்டரை இலட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் மதுரையில் வனத்துறை அறிவித்ததைத் தொடர்ந்து, பலர் தாமாகவே தங்கள் கிளிகளைக் கொண்டுவந்து ஒப்படைத்தனர். 2024 ஏப்ரலில் தேர்தல் நேரத்தில் கடலூர்ப் பகுதியில் கிளி ஜோசியம் பார்த்தவரிடமிருந்து கிளிகள் பறிமுதல் செய்யப்பட்டன.

ஜோசியக் கிளியின் வித்தையில் மாயம் எதுவும் இல்லை. அட்டையை எடுத்துக் கொடுத்தால் ஒரு நெல்மணி கிடைக்கும் என்று அது கற்றிருக்கிறது. கூண்டின் கதவு திறந்தே இருந்தாலும் அது ஏன் பறந்து போவதில்லை என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. பழக்கம் ஒரு காரணம். மற்றொரு காரணம் அதன் சிறகில் இருக்கிறது.

வெட்டிய சிறகின் கணக்கு

கிளி வளர்ப்போர் பலர் அதன் சிறகின் நுனி இறகுகளை வெட்டிவிடுகின்றனர். “கொஞ்சம்தானே வெட்டினோம்” என்பார்கள். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சிறகை ஒரு செவ்வகப் பலகை என்று கொள்ளுங்கள். தோளிலிருந்து நுனி வரை அதை மூன்று சம துண்டுகளாகப் பிரியுங்கள். கிளி சிறகடிக்கும்போது, தோளை ஒட்டிய துண்டு மெதுவாக அசையும். நுனித் துண்டு மிக வேகமாக அசையும். கதவைத் திறக்கும்போது கீலுக்கு அருகிலுள்ள பகுதி சிறிது தூரமும், கைப்பிடி உள்ள ஓரம் நெடுந்தூரமும் நகர்வது போலத்தான். தோளிலிருந்து எவ்வளவு தொலைவோ அந்த அளவுக்கு வேகம் கூடும். மூன்று துண்டுகளின் மையப் புள்ளிகளும் தோளிலிருந்து 1, 3, 5 என்ற விகிதத் தொலைவில் உள்ளன. ஆகவே அவற்றின் வேகங்களும் 1 : 3 : 5.

காற்று தரும் விசை, வேகத்துக்கு அல்ல, வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே மூன்று துண்டுகளும் தரும் விசை 1 : 9 : 25. கூட்டினால் 35. இதில் நுனித் துண்டின் பங்கு மட்டும் 25. அதாவது ஏறக்குறைய 70 விழுக்காடு! பரப்பில் மூன்றில் ஒரு பங்கை வெட்டினால், சிறகடிப்பில் பிறக்கும் விசையில் பத்துக்கு ஏழு பங்கு போய்விடுகிறது. உண்மையான சிறகு செவ்வகப் பலகை அல்ல. முன்னோக்கிப் பறக்கும்போது கணக்கு சற்று மாறவும் செய்யும். ஆனாலும் நுனியின் முக்கியத்துவம் இதிலிருந்தே தெளிவாகும்.

நம்பிக்கை வரவில்லையா? வீட்டில் கெட்டியான அட்டையை விசிறி போல நீளமாக வெட்டி, ஒரு முனையைப் பிடித்து வேகமாக வீசிப் பாருங்கள். கையில் காற்றின் தடை உறைக்கும். பிறகு நுனியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டு அதே வேகத்தில் வீசுங்கள். வேறுபாட்டைக் கையே சொல்லும்.

சிலர் ஒரு பக்கச் சிறகை மட்டும் வெட்டுவார்கள். அது இன்னும் கொடுமை. ஒரு பக்கம் தூக்கு விசை முழுதாகவும், மறுபக்கம் குறைவாகவும் இருந்தால் பறவை சுழன்று விழும். நெஞ்செலும்பு தரையில் மோதும். இப்படிப்பட்ட கிளியை மொட்டைமாடிக்கு எடுத்துச் சென்று “போ, உனக்கு விடுதலை” என்று வீசினால் என்ன ஆகும்? கீழே காத்திருக்கும் பூனைக்கும் காகத்துக்கும் விருந்தாகும்.

இறகு மறுபடி வளருமே?

வளரும். ஆனால் நாம் நினைப்பது போல உடனே அல்ல. நம் நகமும் முடியும் எந்தப் பொருளால் ஆனவையோ, அதே வகையைச் சேர்ந்த கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது இறகு. நகத்தை வெட்டினால் அடியிலிருந்து வளர்ந்துகொண்டே வரும். முழு வளர்ச்சி பெற்ற இறகு அப்படி வளர்வதில்லை. வெட்டிய அடிக்கட்டை அப்படியே நிற்கும். இறகுதிர் காலத்தில் அந்தக் கட்டை உதிர்ந்த பிறகே புது இறகு முளைக்கும். பைங்கிளிக்கு இது பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை நடக்கிறது. ஆகவே இறகுதிர் காலம் முடிந்தவுடன் வெட்டப்பட்ட கிளி, மீண்டும் பறக்கக் கிட்டத்தட்ட ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

அப்போதும் ஓர் இடர் உண்டு. முளைத்து வரும் இளம் இறகின் தண்டுக்குள் இரத்தம் ஓடும். சாதாரணமாக இருபுறமும் உள்ள முதிர்ந்த இறகுகள் அதைப் பாதுகாக்கும். பக்கத்து இறகுகள் எல்லாம் வெட்டப்பட்டிருந்தால், தனியே நீட்டிக்கொண்டிருக்கும் இளம் இறகு கம்பியில் பட்டு முறியும், இரத்தம் வடியும்.

இறகு ஒரு நாட்குறிப்பும்கூட. இறகு வளரும் நாள்களில் கிளி பட்டினி கிடந்தாலோ, நோயுற்றாலோ, அச்சத்தில் வாழ்ந்தாலோ, இறகின் குறுக்கே மெல்லிய கோடு போன்ற ஒரு தழும்பு விழும். அந்த இடத்தில் இறகு எளிதில் ஒடியும். மீட்கப்பட்ட கிளியின் இறகை விரித்துப் பார்க்கும் கால்நடை மருத்துவர், அது கடந்த மாதங்களில் எப்படி வாழ்ந்தது என்பதை அதிலிருந்தே ஓரளவு படித்துவிடுவார்.

இறகைப் பற்றிப் பேசும்போது அதன் பச்சை நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிளியின் இறகில் பச்சைச் சாயம் கிடையாது! அதில் உள்ளது மஞ்சள் சாயம். இறகு இழையின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய காற்றறைகள் கொண்ட பஞ்சு போன்ற அமைப்பு உண்டு. அது ஒளியில் நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது. நீல ஒளி மஞ்சள் அடுக்கின் வழியே வரும்போது பச்சையாகத் தெரிகிறது. பழைய சாயத் தொழிலில் மஞ்சள் தோய்த்த நூலை அவுரி நீலத்தில் மறுபடி தோய்த்துப் பச்சை ஆக்கினார்கள் அல்லவா? அதே கணக்குத்தான். ஆனால் கிளியிடம் நீலத்துக்குச் சாயத்தொட்டி இல்லை, வடிவமே நிறமாகிறது. மஞ்சள் சாயம் உண்டாகாத குறையுடன் பிறக்கும் கிளி நீலக்கிளி ஆகிவிடுகிறது.

“அக்கா” என்று அது யாரைக் கூப்பிடுகிறது?

“எங்கள் கிளி எங்களோடு பேசும், எங்களை விட்டுப் போகாது” என்று பெருமைப்படுவோர் உண்டு. கிளி ஏன் பேசுகிறது?

நமக்குக் குரல் கழுத்தின் மேற்பகுதியில் பிறக்கிறது. பறவைகளுக்கோ மூச்சுக்குழல் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஓர் ஒலிப்பெட்டி இருக்கிறது. அதில் எழும் ஒலியைக் கிளி தன் தடித்த நாக்கை அசைத்து மாற்றியமைக்கும். நம் சொற்களை அது அவ்வளவு துல்லியமாகத் திருப்பிச் சொல்வது இதனால்தான். எப்படி என்பதற்கு இது விடை. ஏன் என்பதற்கு விடை காட்டில் கிடைக்கிறது.

கிளிகள் கூட்டமாக வாழ்பவை. இலைகளுக்கிடையே ஒன்றை ஒன்று பார்க்க முடியாதபோது குரல் கொடுத்து “நான் இங்கே, நீ எங்கே?” என்று கேட்டுக்கொள்ளும். இந்த அழைப்புக் குரல் பிறவியிலேயே வருவதன்று, கற்றுக்கொள்வது. வெனிசுவேலா நாட்டில் சின்னஞ்சிறு காட்டுக் கிளிகளை ஆராய்ந்தவர்கள், ஒரு கூட்டின் முட்டைகளை மற்றொரு கூட்டில் மாற்றி வைத்தார்கள். பொரித்த குஞ்சுகளின் அழைப்புக் குரல் பெற்ற தாயின் குரலை ஒத்திருக்கவில்லை. வளர்த்த பெற்றோரின் குரலை ஒத்திருந்தது. பெற்றோர் ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்தனி ஒலியைப் பெயர் போலச் சூட்டுகிறார்கள் என்று 2011இல் அவர்கள் வெளியிட்டனர்.

இப்போது கூண்டுக் கிளியை எண்ணிப் பாருங்கள். அதைச் சுற்றி வேறு கிளி இல்லை. இருப்பவர்கள் மனிதர்கள் மட்டுமே. ஆகவே அவர்களையே தன் கூட்டமாகக் கொண்டு, அவர்கள் எழுப்பும் ஒலிகளைக் கற்றுக்கொள்கிறது. “அக்கா” என்று அது அழைப்பது, கூட்டத்தைத் தேடும் குரல். அக்கா பள்ளிக்குப் போய்விட்டால் நாள் முழுவதும் அந்தக் குரலுக்குப் பதில் இல்லை.

கிளியின் அறிவு எவ்வளவு என்பதை உலகுக்குக் காட்டியது அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஐரீன் பெப்பர்பெர்க் 1977இல் அதை ஒரு கடையில் வாங்கினார். நிறம், வடிவம், பொருள் ஆகியவற்றின் பெயர்களைச் சரியாகச் சொல்லவும், ஆறு வரை எண்ணவும் அது கற்றது. 2007இல் 31ஆம் வயதில் இறந்தது. இத்தகைய மூளையை, ஒரு முழத்துக்கு ஒரு முழம் கூண்டில் வேலையில்லாமல் அடைத்து வைத்தால் என்ன ஆகும்?

வேலையில்லாத அலகு

காட்டில் கிளிக்கு நாளின் பெரும்பகுதி இரை தேடுவதிலும், கொட்டையை உடைப்பதிலும், பறப்பதிலும் கழிகிறது. கூண்டில் கிண்ணத்தை நிரப்பி வைத்தால் சில நிமிடங்களில் சாப்பாடு முடிந்துவிடும். மீதி நேரம் முழுதும் அலகுக்கு வேலை இல்லை. கூண்டுக் கிளிகள் பல, தம் நெஞ்சின் இறகுகளைத் தாமே பிடுங்கிப் போடுகின்றன. காட்டுக் கிளிகளிடம் இந்தப் பழக்கம் அரிது.

அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இதை ஆராய்ந்தனர். அமேசான் கிளிகளில் ஒரு பிரிவுக்குச் சாதாரணக் கூண்டு. மற்றொரு பிரிவுக்கு, உணவை மூட்டை அவிழ்த்தும் துளையிட்டும் எடுக்கும்படியான அமைப்புகளும், ஏறி இறங்கக் கிளைகளும் கயிறுகளும். 2003இல் வெளியான முடிவு இது: சாதாரணக் கூண்டுக் கிளிகளின் இறகுகள் கெட்டுக்கொண்டே போயின. வேலை கிடைத்த கிளிகள் தம் இறகுகளைப் பாதுகாத்துக்கொண்டன. முன்பு பிடுங்கிக்கொண்டவையும் வேலை கொடுத்ததும் தேறின. மீட்பு நிலையங்களில் உணவை இலையில் பொதிந்தும், கட்டையின் துளைகளில் ஒளித்தும், காயாகவும் கதிராகவும் கொடுப்பது விளையாட்டுக்காக அல்ல, அது மருத்துவம்.

உணவிலும் கவனம் வேண்டும். பாலில் ஊறிய சோறும் பிஸ்கட்டும் கிளிக்கு உணவல்ல. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பறவைகளுக்கு இல்லை. சூரியகாந்தி விதையை மட்டும் தின்னும் கிளிக்கு ஈரலில் கொழுப்பு சேரும். வைட்டமின் ஏ குறையும். வெண்ணெய்ப்பழமும் சாக்லெட்டும் நஞ்சு. பச்சை மிளகாயைக் கிளி ரசித்துத் தின்பதில் வியப்பில்லை. மிளகாயின் காரத்தை உணரும் நரம்பு வாயில், நமக்குத் திறப்பது போலப் பறவைகளுக்குத் திறப்பதில்லை.

விடுதலைக்கு முந்தைய பாடங்கள்

இனி, மீட்கப்பட்ட நாட்டுக் கிளி எந்தப் படிகளைக் கடந்து வானத்தை அடைய வேண்டும் என்று பார்ப்போம்.

முதற்படி, தனிமை. புதிதாக வந்த பறவையை மற்றவற்றோடு சேர்க்கக் கூடாது. கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒருவகை நுரையீரல் காய்ச்சல் உண்டு. 1929-30ஆம் ஆண்டுகளில் தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் சென்ற கிளிகளால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது பரவிப் பலர் இறந்தனர். கிளிக்கே உரிய அலகு-இறகு நோய் என்னும் வைரஸ் நோயும் உண்டு. நோயுள்ள ஒரு கிளியை இரக்கப்பட்டுத் திறந்துவிட்டால், அது ஒரு காட்டுக் கூட்டத்துக்கே எமனாகலாம்.

இரண்டாம் படி, இறகும் தசையும். பறக்கும் பறவையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பறக்கும் தசைதான். பயன்படாத தசை மெலியும். உடைந்த காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு ஒரு மாதம் கழித்து அவிழ்க்கும்போது கால் இளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே! ஆகவே புது இறகு முளைத்தாலும், நீளமான வலைக்கூடத்தில் பறந்து பறந்து பலம் பெற வேண்டும்.

மூன்றாம் படி, கூட்டம். தனிக்கிளியை விடுவது பயனற்றது. நாலைந்து கிளிகள் ஒன்றாகப் பழகி, ஒன்றையொன்று அழைக்கக் கற்று, மனிதரைக் கண்டால் ஒதுங்கவும் கற்க வேண்டும். பூனையைக் கண்டால் “அக்கா” என்று கூப்பிடும் கிளி இன்னும் தேர்வு பெறவில்லை என்று பொருள்.

நான்காம் படிதான் கதவைத் திறப்பது. காட்டுக் கிளிகள் வந்து போகும் இடத்தில், இரை மிகுந்த பருவத்தில் திறக்க வேண்டும். திறந்த பிறகும் சில வாரங்கள் அங்கேயே உணவு வைத்தால், தடுமாறும் கிளி திரும்பி வந்து உண்ணலாம்.

இவ்வளவும் நடக்கக்கூடியதுதானா? மொரீசியஸ் தீவில் நம் பைங்கிளிக்கு நெருங்கிய உறவான ஒரு கிளி உண்டு. 1980களில் உலகிலேயே பத்துப் பன்னிரண்டு மட்டுமே எஞ்சியிருந்தன. மனிதர் கையில் வளர்த்துக் காட்டில் விட்ட குஞ்சுகளின் உதவியால் இன்று அவை நூற்றுக்கணக்கில் பெருகியுள்ளன. 2005ஆம் ஆண்டு வாக்கில் அலகு-இறகு நோய் அங்கே புகுந்து அச்சுறுத்தியதும் உண்மை. நம்பிக்கை, எச்சரிக்கை இரண்டுக்கும் அந்தத் தீவே சான்று.

பறக்க முடியாதவையும் வெளிநாட்டுக் கிளிகளும்

சிறகெலும்பு முறிந்து தவறாகக் கூடிய கிளியும், பார்வை இழந்த கிளியும் ஒருபோதும் பறக்கப் போவதில்லை. அவற்றுக்கு உயிரியல் பூங்காக்களிலும் மீட்பு நிலையங்களிலும், மற்றக் கிளிகளோடு வாழும் பெரிய கூடங்களே இடம். அங்கேயும் அது தனிக்கிளி அல்ல என்பது முக்கியம்.

வெளிநாட்டுக் கிளிகளை இங்கே காட்டில் விடவே கூடாது. அவை பட்டினியால் இறக்கலாம். அல்லது பெருகி நம் பறவைகளின் பொந்துகளைப் பறிக்கலாம். வளர்த்தவர் கைவிட்ட இத்தகைய கிளியைத்தான் ஒரு வீடு தத்தெடுக்க இடமுண்டு. பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள சாம்பல் கிளி, மக்காவ், காக்கட்டூ போன்றவற்றை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. பதிவுச் சான்று இல்லாத கிளியைத் தொடவே கூடாது.

தத்தெடுக்கும் முன் வீட்டார் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய சில கேள்விகள் உள்ளன. சாம்பல் கிளி 40 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடும். இன்று உங்களுக்கு வயது 15 என்றால், உங்கள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும்போதும் அது உங்களோடு இருக்கும். உங்களுக்குப் பின் யார்? அது நாள்தோறும் கூண்டுக்கு வெளியே பறக்க அறை உண்டா? காலையும் மாலையும் அது போடும் கூச்சலை அடுத்த வீட்டார் பொறுப்பார்களா? பறவை மருத்துவம் தெரிந்த மருத்துவர் அருகில் உண்டா? முன்பு அடிபட்ட கிளி மாதக்கணக்கில் கடிக்கும்; அதைப் பொறுக்க மனம் உண்டா? அடுப்படியில் ஒட்டாத பூச்சுள்ள வாணலி அளவுக்கு மீறிச் சூடானால் எழும் ஆவி, நமக்குத் தெரியாமலே கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். பறவையின் மூச்சமைப்பு காற்றிலிருந்து ஆக்சிஜனை நம்மைவிடத் திறமையாக எடுப்பது போலவே, நச்சையும் எடுத்துவிடுகிறது.

இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கு “இல்லை” என்பது விடையானால், தத்தெடுக்காமல் இருப்பதே அன்பு.

வாங்கி விடுவது புண்ணியமா?

சந்தையில் கூடையில் கிடக்கும் குஞ்சுகளைக் கண்டு மனமிரங்கி, விலை கொடுத்து வாங்கிப் பறக்கவிடுவோர் உண்டு. கணக்குப் பார்ப்போம். நீங்கள் கொடுத்த பணம் விற்றவருக்கு ஒன்றைத்தான் சொல்கிறது: “இன்னும் பிடித்து வா.” அவர் மறுபடியும் மரமேறுவார். பைங்கிளி பெரிதும் குக்குறுவானும் மரங்கொத்தியும் விட்டுச் சென்ற பொந்துகளை நம்பி வாழ்கிறது. குஞ்சு எடுப்பவர் பொந்தின் வாயை உடைத்துப் பெரிதாக்கிவிட்டால், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அங்கே குடியேற முடியாது. ஒரு கிளியை வாங்கி விடுவதால் ஒரு வீடே போய்விடுகிறது.

வாங்காதீர்கள், வனத்துறைக்குத் தெரிவியுங்கள். மாஞ்சா நூலில் சிக்கி அடிபட்ட கிளியைக் கண்டால், காற்றுத் துளைகள் இட்ட அட்டைப்பெட்டியில் ஒரு துணி விரித்து வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பெரியவர்களிடம் சொல்லி, வனச்சரக அலுவலகத்துக்கோ கால்நடை மருத்துவமனைக்கோ கொண்டு சேருங்கள். கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

கிளிகளோடு வாழக் கூண்டு தேவையில்லை என்பதற்குச் சென்னை இராயப்பேட்டையே எடுத்துக்காட்டு. அங்கே கேமரா பழுது பார்க்கும் ஜோசப் சேகர் என்பவர், தம் மொட்டைமாடியில் பலகைகளை அடுக்கிப் பல ஆண்டுகள் அரிசி வைத்துவந்தார். மாலையில் ஆயிரக்கணக்கான பைங்கிளிகள் வந்து இறங்கி, உண்டு, பறந்து சென்றன. அவற்றில் ஒன்றையும் அவர் பிடித்து வைக்கவில்லை.

உங்களுக்கு ஒரு வேலை. இந்த மாதம் நாலு ஞாயிற்றுக்கிழமைகளில், சூரியன் மறையும் முன் அரைமணி நேரம் உங்கள் ஊர்க் கோயில் கோபுரத்துக்கோ ஏரிக்கரைக்கோ செல்லுங்கள். ஒரு தாளில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம் வரைந்து, கடந்து செல்லும் கிளிகளை எண்ணிக் குறியுங்கள். எந்தத் திசையிலிருந்து வருகின்றன, எத்தனை எத்தனையாக வருகின்றன, எந்த மரத்தில் அடைகின்றன என்றும் எழுதுங்கள். பட்டுப்போன பனையும் தென்னையும் உங்கள் ஊரில் எத்தனை நிற்கின்றன என்பதையும் எண்ணுங்கள். அவற்றை விறகுக்கு வெட்ட வருபவரிடம் பொந்தைக் காட்டி இரண்டு வார்த்தை பேசுங்கள். மீட்பு நிலையத்திலிருந்து ஒருநாள் வெளியேறும் கிளிக்கு இறங்க ஒரு மரமும், சேர ஒரு கூட்டமும் இருக்கிறதா என்பது உங்கள் குறிப்பேட்டைப் பார்த்தால் தெரியும்.